பாட்டி இன்செக்யூர் இல்லை: பாதுகாப்பைப் பற்றிய ஆங்கிலச் சொற்களில் நாம் சறுக்கும் இடங்கள்

மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜுந்தையில் சனிக்கிழமை டியூஷன். 2007-இலேயே ஊரின் பெயரை பெஸ்தாரி ஜெயா என்று மாற்றிவிட்டார்கள். எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது. ஐந்தாம் படிவ முடிவில் வரும் எஸ்.பி.எம். தேர்வு எழுதப்போகும் மாணவி ஒருத்தி கட்டுரையில் "மை கிராண்ட்மதர் இஸ் இன்செக்யூர்" என்று எழுதியிருந்தாள்.

அவள் சொல்ல வந்தது வேறு. தாத்தா போனபிறகு பாட்டி தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், தனியாக இருக்கிறார். பின்கதவுத் தாழ்ப்பாள் உடைந்து, ராஃபியா கயிற்றால் கட்டி வைத்திருக்கிறார். ஆனால் அந்த வாக்கியத்தைப் படிப்பவருக்கு, பாட்டிக்குத் தன்னம்பிக்கை இல்லை என்றுதான் புரியும். முப்பது வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர், வாசலுக்கு வந்த நாகத்தை விளக்குமாற்றாலேயே விரட்டியவர். அவருக்கா தன்னம்பிக்கை இல்லை?

தப்பு அவளுடையது மட்டுமில்லை. தமிழில் 'பாதுகாப்பற்ற' என்ற ஒரே சொல்லை வீட்டுக்கும் வைப்போம், ஆளுக்கும் வைப்போம், கடனுக்கும் வைப்போம். ஆங்கிலம் ஆளுக்கொரு சொல் வைத்திருக்கிறது. எழுதுவதற்கு முன் இரண்டு கேள்வி கேட்டுக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும்: யாருக்குப் பாதுகாப்பு இல்லை? எதனிடமிருந்து?

மனிதரைப் பற்றிச் சொல்லும்போது இன்செக்யூர் பெரும்பாலும் மனசைக் குறிக்கும். வேலையைப் பற்றிச் சொன்னால், எப்போது போகும் என்று தெரியாத வேலை. 'அன்சேஃப்' என்பதிலும் ஒரு குழி இருக்கிறது. அன்சேஃப் பாலம் என்றால் ஏறுகிறவருக்கு ஆபத்து. பாட்டி அன்சேஃப் என்று எழுதினால், பாட்டிக்கு ஆபத்தா, பாட்டியால் ஆபத்தா என்று திருத்துகிறவர் ஒரு நிமிடம் யோசிப்பார். பூட்டாத கதவுக்கு, கட்டாத சுமைக்கு 'அன்செக்யூர்ட்' பொருந்தும்.

இந்த அன்செக்யூர்ட், கடன் தாளில் வரும்போது பெரியவர்களையே குழப்புகிறது. தெரிந்த கடைக்காரர் ஒருவர் கடன் விண்ணப்பத்தைக் கொண்டுவந்து, "டீச்சர், அன்செக்யூர்ட் லோன்னு போட்டிருக்கான். ஆலோங் கடன் மாதிரி ஆபத்தானதா?" என்று கேட்டார் (ஆலோங் என்றால் உரிமம் இல்லாமல் வட்டிக்கு விடுபவர்). இல்லை. இங்கே பாதுகாப்பு இல்லாதவர் கடன் கொடுப்பவர். வீடோ நிலமோ அடமானமாகக் கையில் இல்லாமல் கொடுக்கிறார். அதனால்தான் இத்தகைய கடனுக்கு வட்டி பொதுவாகக் கூடுதல். கிரெடிட் கார்டு கடனும் இந்த வகைதான். மலாய்த் தாளில் 'திடாக் பெர்சாகார்', அதாவது அடமானம் இல்லாதது, என்று நேராகப் போட்டிருக்கும், அதைப் படித்தாலே விளங்கிவிடும். தமிழில் 'பிணையில்லாக் கடன்' என்று எழுதுங்கள். 'பாதுகாப்பற்ற கடன்' என்று மொழிபெயர்த்தால், படிக்கிறவர் தேவையில்லாமல் பயப்படுவார்.

சரி, பாட்டிக்கு எந்தச் சொல்? 'வல்னரபிள்'. லத்தீனில் காயத்தைக் குறிக்கும் 'வுல்னுஸ்' என்ற சொல்லிலிருந்து வந்தது. எளிதில் காயம்படக்கூடிய நிலை என்று பொருள். பலவீனம் என்று அர்த்தமில்லை, இதைப் பலரும் கலந்துவிடுகிறார்கள். பாம்பை விரட்டும் தைரியமும் வல்னரபிள் நிலையும் ஒரே ஆளிடம் இருக்கலாம். உச்சரிக்கும்போது அழுத்தம் முதல் அசையில் விழட்டும். நடுவில் 'ரேபிள்' என்று இழுக்க வேண்டாம்.

எனக்கு இதை விளக்க ரப்பர் மரம்தான் வசதி. பால் வெட்டும்போது பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். கத்தி ஆழமாக இறங்கினால் மரத்தில் காயம், அந்த இடத்தில் பட்டை சீராக வளராது, கங்காணி திட்டுவார். மழைக்காலத்தில் வெட்டின் மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றவில்லை என்றால் அந்த வெட்டு 'அன்புரொடெக்டட்', காப்பு இல்லை. மழைநீர் அதன்மேல் வழிகிறது, ஆகவே 'எக்ஸ்போஸ்ட்'. ஈரத்தில் பூஞ்சை பிடிக்கக்கூடும், ஆகவே 'வல்னரபிள்'. ஒரே மரத்தில் மூன்று சொல். இப்போது எங்களைச் சுற்றி முக்கால்வாசி செம்பனைதான். பால் வெட்டைப் பார்க்காத பிள்ளைகளுக்கு இதையும் படம் வரைந்து காட்ட வேண்டியிருக்கிறது.

அப்புறம் முன்னிடைச்சொல், அதாவது ப்ரெபொசிஷன். மதிப்பெண் அதிகம் போவது இங்கேதான். 'திருடர்களிடமிருந்து பாதுகாப்பு இல்லை' என்று தமிழில் நினைத்துக்கொண்டு, வல்னரபிளுக்குப் பின்னால் 'ஃப்ரம்' போட்டுவிடுகிறார்கள். 'டு' வர வேண்டும். எக்ஸ்போஸ்டுக்கும் 'டு'தான். இதில் நம் பிள்ளைகளுக்கு மலாய் கைகொடுக்கும்: அதே பொருளில் 'தெர்டெடா கெபாடா' என்று சொல்லிப் பழகிய வாய்க்கு ('கெபாடா'தான் 'டு') 'எக்ஸ்போஸ்ட் டு' தானாக வரும். புரொடெக்டட் என்றால்தான் 'ஃப்ரம்'. எக்ஸ்போஸ்ட் எப்போதும் கெட்டதும் இல்லை. சின்ன வயதிலேயே மூன்று மொழிக்கு எக்ஸ்போஸ்ட் ஆன பிள்ளை என்றால், அது பாராட்டு.

'டிஃபென்ஸ்லெஸ்' தன்னைக் காத்துக்கொள்ள வழியில்லாத உயிருக்கு, இல்லையென்றால் காவலில்லாத ஊருக்கு. கதவுக்குப் போடாதீர்கள். பின்னால் 'அகைன்ஸ்ட்' வரும். நம் பள்ளிகளில் பிரிட்டிஷ் எழுத்துமுறை, அதனால் நடுவில் 'சி' எழுத்து. 'எஸ்' போட்டால் அமெரிக்க முறை. இரண்டையும் ஒரே கட்டுரையில் கலப்பதுதான் தப்பு. 'அன்கார்டட்' என்பதைப் பேச்சோடு சேர்த்தால், யோசிக்காமல் வாய்தவறிச் சொன்னது என்று பொருள்.

மாணவி திருத்தி எழுதினாள்: பாட்டி தனியாக வசிக்கிறார், பின்கதவு அன்செக்யூர்ட், அதனால் திருடர்களுக்கு அவர் வல்னரபிள். 'டு' சரியாக இருந்தது. அடுத்த சனிக்கிழமை வந்ததும் கேட்டாள்: "டீச்சர், மாமா தாழ்ப்பாள் போட்டுட்டாரு. அந்த வாக்கியத்தை அடிச்சிடவா?"

கட்டுரையில் மட்டும் ராஃபியா கயிறு இருக்கட்டும் என்றேன்.