மழை கழுவிய வாசல் தளமும் ஒரு கறிவேப்பிலையும்

கோபிச்செட்டிபாளையம் பக்கம் எங்கள் வீட்டு வாசலுக்குக் கான்கிரீட் போட்ட அன்று சாயங்காலமே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. காற்றில் தார்ப்பாய் நிற்கவில்லை. தளம் இறுகுமுன் பெய்யும் கனமழை மேற்பரப்புச் சிமெண்டைக் கழுவிவிடும், மணல்தான் மிஞ்சும். அடிப்பகுதி பெரும்பாலும் கெடாது. அதனால் முழுவதும் உடைக்க வேண்டியதில்லை.

ஈரச்சாக்கு போட்டுத் தளத்தை இறுகவிட்டு, ஆணியால் கீறிப் பார்த்தேன். வாசற்படி ஓரம் தூளாக உதிர்ந்தது. மற்ற இடத்தில் கீறலே விழவில்லை.

“மேலே சிமெண்ட் தூவித் தேய்ச்சுடலாமாங்ண்ணா?” என்று கொத்தனாரைக் கேட்டேன்.

“அது ஒட்டாதுங்க, பேந்துரும். கெட்டி தட்டுப்படற வரைக்கும் கொத்தணும்.”

அவர் சொன்னதே சரி. கொத்தி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கழுவி, ராத்திரி முழுக்க ஊறவிட்டோம். காலையில் தேங்கிய தண்ணீரை ஒற்றிவிட்டுச் சிமெண்ட் பால் (தண்ணீரில் கரைத்த சிமெண்ட்) பூசி, அது காய்வதற்குள் ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல் சேர்த்த கலவையைப் போட்டோம். தண்ணீர் வடிய 10 அடிக்கு ஒன்றேகால் அங்குலம் வாட்டம் (சரிவு) வைத்தோம். அப்புறம் குறைந்தது 7 நாள் ஈரம் காயக் கூடாது.

எனக்கு அதிகக் கவலை தந்தது கறிவேப்பிலைதான். கழுவி வந்த சிமெண்ட் தண்ணீர் அதன் பாத்தியில் இறங்கியிருந்தது. அந்தக் காரத்தன்மையில் வேரால் இரும்புச்சத்தை எடுக்க முடியாது. நரம்பு பச்சையாக இருக்க, கொழுந்து மட்டும் மஞ்சளாகும். வெள்ளைப் பொறுக்கை மம்மட்டியால் வழித்தெடுத்து, மட்கிய சாணி எரு போட்டு, தண்ணீர் வடிய வாய்க்கால் வெட்டினேன். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) கரைத்து இலைமேல் தெளித்ததும் கைகொடுத்தது. புதுக் கொழுந்து பச்சையாகவே வருகிறது.