என்கிளெக்ஸ் பதற்றம்: நாமே ஊதிப் பெரிதாக்கும் சில தவறுகள்

அமெரிக்காவில் நர்ஸாக உரிமம் பெற எழுதும் என்கிளெக்ஸ் தேர்வில், 85-வது கேள்விக்குப் பதிலை அழுத்திவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அணையவில்லை. 86 வந்து நின்றது. உள்ளங்கை வியர்த்து மவுஸ் வழுக்கியது. ‘போச்சு’ என்று மனசுக்குள் ஒரு குரல். அடுத்து வந்த ஏழெட்டுக் கேள்விகளை எப்படிப் படித்தேன் என்று இன்றுவரை நினைவில்லை. அந்த ஏழெட்டில் ஒன்றுகூட எனக்குத் தெரியாத பாடமில்லை. இருதய நோயாளிக்கு டிஜாக்சின் கொடுக்குமுன் நாடித்துடிப்பு பார்ப்பது போன்ற, வார்டில் தினமும் செய்கிற வேலைதான். பாடம் தெரிந்தவர்களையும் கவிழ்ப்பது இந்தப் பதற்றம் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் தவறு, தேர்வு நடக்கும்போதே ரிசல்ட்டைக் கணிக்கப் பார்ப்பது. என்கிளெக்ஸ்-ஆர்என் நாம் பள்ளியிலும் கல்லூரியிலும் எழுதிப் பழகிய பரீட்சை மாதிரி இல்லை. 1994 முதல் அது கம்ப்யூட்டரில், எழுதுபவரின் திறனுக்கேற்ப மாறும் தேர்வாக நடக்கிறது. சரியாகப் பதில் சொன்னால் அடுத்த கேள்வி சற்றுக் கடினமாகும், தவறினால் சற்று எளிதாகும். உங்களால் பாதிக்குப் பாதி சரியாகச் சொல்ல முடிகிற அளவில் கேள்விகளைத் தேடிக் கொடுப்பதுதான் அதன் வேலை. ஆகவே நன்றாகப் படித்தவருக்கும் ‘ஒண்ணுமே தெரியலையே’ என்றுதான் தோன்றும். தேர்வின் அமைப்பே அந்த உணர்வைக் கொடுக்கிறது. அதை உங்கள் தோல்விக்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எண்ணிக்கை விஷயமும் இப்படித்தான். குறைந்தது 85 கேள்விகள், அதிகபட்சம் 150. ‘இவர் தேர்ச்சி’ என்றோ ‘இவர் தேர்ச்சி இல்லை’ என்றோ கம்ப்யூட்டருக்கு 95 சதவீத உறுதி கிடைத்ததும் திரை அணைகிறது. 85-இல் நின்றவர்களில் ஜெயித்தவர்களும் உண்டு, தோற்றவர்களும் உண்டு. 86 வந்தால் என்ன அர்த்தம்? இன்னும் முடிவாகவில்லை, உங்களுக்கு வாய்ப்பு இருக்கிறது என்று அர்த்தம். அப்போது மனசு உடைந்து கண்மூடித்தனமாகக் கிளிக் செய்வதுதான் ஆபத்து. அந்தக் குறைந்தபட்ச 85-இலும் 15 கேள்விகள் சோதனைக்காக வைக்கப்படுபவை, மதிப்பெண்ணில் சேராது. எங்கேயும் படித்திராத விசித்திரமான கேள்வி வந்தால் அது அந்தப் பதினைந்தில் ஒன்றாகவும் இருக்கலாம். எது என்று துப்பறிய வேண்டாம், நிதானமாகப் பதில் சொல்லிவிட்டு நகருங்கள். முந்தைய கேள்விக்குத் திரும்பிப் போக முடியாது, மனசும் போகாமல் இருந்தால் நல்லது.

அடுத்தது, பயத்துக்குப் பயந்து ஒதுங்குவது. மாக் டெஸ்ட்டில் மார்க் குறைந்துவிடுமோ என்று அதைத் தள்ளிவைத்து, ஏற்கனவே அடிக்கோடிட்ட நோட்ஸையே மறுபடி மறுபடி வாசிப்பார்கள். வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும், நெஞ்சு லேசாகும். ஒதுங்கினால் கிடைக்கும் அந்த நிம்மதிதான் அடுத்த முறை பயத்தை இன்னும் பெரிதாக்குகிறது. மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து எடுத்துச் சொல்லிப் பார்ப்பதுதான் பாடத்தை நிற்க வைக்கும். தேர்வுத் தேதியைத் தள்ளிப்போடுவதையும் இதே தராசில்தான் வைப்பேன். மாக் டெஸ்ட்டில் எந்தப் பகுதி பலவீனம் என்று விரல் வைத்துக் காட்ட முடிகிறதா, அதைச் சரிசெய்யத் திட்டம் இருக்கிறதா? அப்படியானால் தள்ளிப்போடலாம். ‘பயமா இருக்கு’ என்பது மட்டுமே காரணம் என்றால் புதுத் தேதியிலும் அதே பயம் வந்து நிற்கும்.

குழுக்களில் ‘உனக்கு எத்தனையில் நின்றது?’ என்று கேட்டுக்கொண்டிருப்பதைக் கடைசி வாரத்திலாவது நிறுத்துங்கள்.

‘அமைதியா இரு’ என்று தன்னைத்தானே அதட்டுவதும் பலன் தராது. துடிக்கிற இதயம் சொன்னவுடன் அடங்காது, அடங்கவில்லையே என்று இன்னொரு பயம் சேரும். ‘உடம்பு தயாராகிறது’ என்று அதையே மாற்றிச் சொல்லிப் பாருங்கள். அமைதியாக இருக்கப் பார்த்தவர்களைவிட, பதற்றத்தை உற்சாகம் என்று சொல்லிக்கொண்டவர்கள் கணக்குத் தேர்விலும் மேடைப் பேச்சிலும் நன்றாகச் செய்ததாக 2014-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. தேர்வுக்குச் சற்றுமுன் பத்து நிமிடம் தங்கள் கவலைகளை எழுதித் தீர்த்த மாணவர்கள் மேலான மதிப்பெண் எடுத்ததாக 2011-இல் வந்த இன்னொரு ஆய்வும் உண்டு. காகிதத்தில் எழுதிக் கிழித்துப் போட என்ன செலவு?

மூச்சு விஷயத்தில் நாம் செய்வது எனக்கு வருத்தமாகவே இருக்கும். சிஓபிடி என்ற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளியின் தோளில் கைவைத்து, ‘உதட்டைக் குவிச்சு மெதுவா ஊதுங்க’ என்று எத்தனை முறை சொல்லியிருப்போம்! நமக்கு வரும்போது மறந்துவிடுகிறோம். உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக இருக்கட்டும், நான்கு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுங்கள். இதையும் இரண்டு வாரம் முன்பிருந்தே, மாக் டெஸ்ட்டின் நடுவில் பழகுங்கள். தேர்வறையில் முதன்முதலாகச் செய்தால் அதுவே இன்னொரு பாரமாகிவிடும்.

தோழி கொடுத்தாள் என்று, இதயத்துடிப்பைக் குறைக்கும் ப்ராப்ரனலால் மாத்திரையைப் போட்டுக்கொண்டு போவது வேண்டவே வேண்டாம். ஆஸ்துமா இருப்பவருக்கு அது என்ன செய்யும் என்பது நமக்கே கேள்வியாக வரக்கூடிய பாடம். தேர்வன்று வழக்கத்துக்கு மேல் காபியும் வேண்டாம். முந்தைய இரவு நைட் டியூட்டி போடாதபடி முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். அப்படியும் தூக்கம் வரவில்லையென்றால் மணியைப் பார்த்துப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். ஒரு இரவு சரியாகத் தூங்காததால் மாதக்கணக்கில் படித்தது காணாமல் போகாது. அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஏடிடியில் (தேர்வெழுத அனுமதிக்கும் கடிதத்தில்) உள்ள பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று வாரத்துக்கு முன்பே பார்த்துவிட்டால் காலையில் ஒரு பயம் குறையும்.

மொத்தம் ஐந்து மணி நேரம். இரண்டு மணி நேரம் கழிந்ததும் ஓர் இடைவேளை, மூன்றரை மணி நேரத்தில் இன்னொன்று. அந்த நிமிடங்களும் ஐந்து மணி நேரத்தில்தான் கழிகின்றன என்பதால் பலர் எழுந்திருப்பதே இல்லை. நான் எழுந்தேன். முகம் கழுவி, சுவரில் சாய்ந்து பத்து மூச்சு விட்டேன். திரும்பி வந்து படித்த கேள்வியில்தான் எழுத்துகள் மறுபடி எழுத்துகளாகத் தெரிந்தன.

வாரக்கணக்கில் தூக்கமின்மை, வாந்தி, மூச்சடைப்பு என்று போனால் அதைத் தேர்வுப் பயம் என்று ஒதுக்காமல் மருத்துவரிடம் போங்கள். நோய் நிலை உறுதியானால் தேர்வில் சலுகை ஏற்பாடுகளை உங்கள் நர்சிங் போர்டிடம் முன்கூட்டியே கேட்கலாம். தேர்வறையில் போய்க் கேட்க முடியாது.

முடித்து வந்தபின் அடுத்த தேர்வுக்கு மறுபடி பணம் கட்ட முயன்று, ஏற்கிறதா மறுக்கிறதா என்று பார்த்து ரிசல்ட்டைக் கண்டுபிடிக்கும் ‘தந்திரம்’ நம்பத்தக்கதல்ல. ஒருவேளை தேர்ச்சி இல்லையென்றாலும் ஒவ்வொரு பாடப் பகுதியிலும் தரத்துக்கு மேலா, அருகிலா, கீழா என்று சொல்லும் அறிக்கை வரும். மறுபடி எழுதக் குறைந்தது 45 நாள் இடைவெளி உண்டு. ‘கீழே’ என்று குறித்த பகுதியிலிருந்து முதல் வாரத்தைத் தொடங்குங்கள்.