கோள் உருண்டை, சிறுகோள் கோணல், ஏன்? நூலும் கல்லும் களிமண்ணும் வைத்து ஒரு செய்முறை

பூமி உருண்டை, நிலா உருண்டை, சூரியனும் உருண்டை. ஆனால் செவ்வாயைச் சுற்றும் ஃபோபோஸ் என்ற குட்டி நிலாவின் படத்தைப் பாருங்கள். 27 கிலோமீட்டர் நீளத்துக்கு, அங்கங்கே இடி வாங்கிய உருளைக்கிழங்கு மாதிரி இருக்கும். இரண்டையும் இழுப்பது ஒரே ஈர்ப்பு விசைதான். அப்புறம் ஒன்று மட்டும் ஏன் கோணல்?

இதை வீட்டிலேயே செய்து, கணக்குப் போட்டு, விடையைப் பிடித்துவிடலாம். ஒன்றரை மீட்டர் நூல், ஒரு சிறிய கல், செல்போனில் இருக்கும் ஸ்டாப்வாட்ச், இரண்டு கை நிறையக் களிமண். இவ்வளவுதான் தேவை. கணக்குக்குப் பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

படி 1: ஈர்ப்பை அளந்து பாருங்கள்

நூலில் கல்லைக் கட்டி, நிலைக்கதவின் மேல்சட்டத்தில் ஓர் ஆணியில் தொங்கவிடுங்கள். ஆணியிலிருந்து கல்லின் நடுப்பகுதி வரை சரியாக 1 மீட்டர் இருக்க வேண்டும். கல்லின் நடு என்பது முக்கியம். முதல் தடவை நான் முடிச்சு வரைதான் அளந்தேன், கல்லும் உள்ளங்கை அளவு பெரியது. 9.8 வர வேண்டிய விடை 9.4 என்று வந்தது. அரை மணி நேரம் ஸ்டாப்வாட்சைத் திட்டிவிட்டுத்தான் என் தப்பு புரிந்தது.

கல்லை ஒரு சாண் கூட இழுக்காமல், லேசாக நகர்த்தி விடுங்கள். போய்த் திரும்பி வந்தால் ஓர் ஊசலாட்டம். 20 ஊசலாட்டத்துக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். கையை விடும்போது 'பூஜ்ஜியம்' என்று எண்ணத் தொடங்குங்கள். 'ஒன்று' என்று தொடங்கினால் 19 ஊசலாட்டத்திலேயே நிறுத்திவிடுவீர்கள், விடை 10.8 பக்கம் ஓடிவிடும்.

எனக்கு 40.2 நொடி வந்தது. 20ஆல் வகுத்தால் ஓர் ஊசலாட்டத்துக்கு 2.01 நொடி. இனி இந்தச் சூத்திரம் (இதில் ஜி என்பது ஈர்ப்பின் அளவு):

ஜி = 39.5 × நூலின் நீளம் ÷ (ஊசல் நேரம் × ஊசல் நேரம்)

39.5 × 1 ÷ 4.04 = 9.78. பாடப்புத்தகம் சொல்வது 9.8. ஒரு நூலுக்கும் கல்லுக்கும் இது அமோகமான விடை.

அதற்கு என்ன பொருள்? கையிலிருந்து நழுவிய கல்லின் வேகம் ஒவ்வொரு நொடியும், நொடிக்கு 9.8 மீட்டர் என்ற அளவில் கூடிக்கொண்டே போகும். சூத்திரத்தில் கல்லின் எடை எங்கேயும் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? நம்பிக்கை இல்லாவிட்டால் வேறு கல்லைக் கட்டிப் பாருங்கள். 1971இல் அப்போலோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட், காற்றில்லாத நிலாவில் ஒரு சுத்தியலையும் ஓர் இறகையும் ஒன்றாக விட்டார். இரண்டும் சேர்ந்தே தரையைத் தொட்டன.

படி 2: இழுப்பு எவ்வளவு தூரம் போகிறது?

பூமியின் மையத்திலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கில் ஒன்றாகும், மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒன்றாகும். நிலா ஏறக்குறைய 60 பூமி ஆரத் தொலைவில் இருக்கிறது. 60 × 60 = 3600. நீங்கள் அளந்த 9.8ஐ 3600ஆல் வகுங்கள்: 0.0027. வேகம் பூஜ்ஜியத்திலிருந்து ஏறுவதால் ஒரு நொடியில் விழும் தூரம் இதில் பாதி, அதாவது நிலா ஒவ்வொரு நொடியும் 1.4 மில்லிமீட்டர் பூமியை நோக்கி விழுகிறது. அதே நொடியில் பக்கவாட்டில் ஒரு கிலோமீட்டர் ஓடியும் விடுகிறது. விழுந்துகொண்டே இருந்தும் தரையைத் தொடாமல் சுற்றுவது இதனால்தான்.

விண்வெளி வீரர்கள் மிதப்பதும் இப்படித்தான். 'அங்கே ஈர்ப்பு கிடையாது' என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். 400 கிலோமீட்டர் உயரத்திலும் தரையில் இருப்பதில் 89 சதவீத ஈர்ப்பு இருக்கிறது.

(ஈர்ப்பை விளக்க, ரப்பர் விரிப்பில் கனமான குண்டை வைத்து அது குழிவதைக் காட்டுவார்களே, அது எங்கே என்று கேட்பீர்கள். எனக்கு அது பிடிக்காது. குண்டு விரிப்பை அமுக்குவதே கீழே பூமி இழுப்பதால்தான். ஈர்ப்பை விளக்க ஈர்ப்பையே கடன் வாங்குகிறோம். அந்த விரிப்பு காட்ட முயலும் ஐன்ஸ்டைனின் 1915ஆம் ஆண்டுக் கோட்பாடு கருந்துளைக்குக் கட்டாயம் வேண்டும், நம் களிமண்ணுக்கு நியூட்டன் போதும்.)

படி 3: களிமண் தூண்

ஈரக் களிமண்ணில் விரல் தடிமனில், விரல் உயரத்துக்கு ஒரு தூண் செய்யுங்கள். நிற்கும். இப்போது அதே வடிவத்தை நான்கு மடங்கு பெரிதாகச் செய்யுங்கள். நான் செய்த தூணுக்குக் கொஞ்ச நேரத்திலேயே அடியில் தொந்தி விழுந்தது, பிறகு மெல்ல ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்துவிட்டது.

மண் அதேதான், மாறியது அளவு மட்டும். எல்லாப் பக்கமும் நான்கு மடங்கானால் எடை 64 மடங்கு, ஆனால் அதைத் தாங்கும் அடிப்பரப்பு 16 மடங்குதான். அடியில் இருக்கும் மண்ணின் மேல் அழுத்தம் நான்கு மடங்காகிவிட்டது. தாங்க முடியாத மண் பக்கவாட்டில் வழிகிறது.

பாறைக்கும் இதே கதிதான். நல்ல பாறை சுமார் 20 கோடி பாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம் வரை தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கன மீட்டர் பாறையின் நிறை ஏறக்குறைய 2700 கிலோ. பாறைத் தூண் எவ்வளவு உயரம் போகலாம்?

20 கோடி ÷ (2700 × 9.8) = சுமார் 7500 மீட்டர்.

எவரெஸ்டின் உயரம் 8849 மீட்டர். மலை தூண் மாதிரி இருக்காது என்பதையே கண்டுகொள்ளாத இவ்வளவு முரட்டுக் கணக்குக்கு இது மோசமே இல்லை. செவ்வாய்க்கும் போட்டுப் பாருங்கள், அங்கே ஜி 3.7. விடை சுமார் 20 கிலோமீட்டர். அங்கிருக்கும் ஒலிம்பஸ் மான்ஸ் எரிமலையின் உயரம் கிட்டத்தட்ட 22 கிலோமீட்டர்!

படி 4: மலை கோளையே விழுங்கும் இடம்

இன்னும் சிறிய உருண்டைக்குப் போவோம். 300 கிலோமீட்டர் ஆரம் உள்ள பாறை உருண்டையில் ஜி வெறும் 0.23. கணக்கில் போட்டால் மலை 320 கிலோமீட்டர் வரை நிற்கலாம். மலை உருண்டையின் ஆரத்தை விடப் பெரிதாகிவிட்டது! அந்த அளவில் எது மலை, எது கோள்? இரண்டும் ஒன்றுதான். அதைத்தான் கோணல் என்கிறோம்.

ஆகவே பாறைக்கு எல்லைக்கோடு 600 கிலோமீட்டர் விட்டத்தை ஒட்டி வரவேண்டும். வானத்தில் சரிபார்க்கலாம். 525 கிலோமீட்டர் விட்டமுள்ள வெஸ்டா என்ற சிறுகோள் அரைகுறை உருண்டை. சுமார் 940 கிலோமீட்டர் உள்ள சீரிஸ் நல்ல உருண்டை. சனியின் நிலாவான மிமாஸ் 400 கிலோமீட்டர்தான், ஆனாலும் உருண்டையாகவே இருக்கிறது. அது பெரும்பாலும் பனிக்கட்டி, பனிக்கட்டி பாறையை விடச் சீக்கிரம் விட்டுக்கொடுக்கும்.

சரி, விட்டுக்கொடுத்தது ஏன் உருண்டையாகத்தான் ஆக வேண்டும்? 'கீழே' என்பதே மையத்தை நோக்கிய திசைதான். மேடு எங்கே இருந்தாலும் பள்ளத்துக்கு வழியும். இனி வழிய எங்கேயும் பள்ளமில்லை என்ற நிலை வரும்போது மிஞ்சுவது உருண்டை.

படி 5: சுழற்சி, அப்புறம் மறுபடியும் அந்த நூல்

கோள் தன்னைத்தானே சுற்றுவதால் முழு உருண்டையாகவும் இருக்க முடியாது, நடு கொஞ்சம் பிதுங்கும். பூமியின் ஆரம் நடுக்கோட்டில் 6378 கிலோமீட்டர், துருவத்தில் 6357. ஏறக்குறைய பத்தரை மணி நேரத்தில் ஒரு சுற்று முடித்துவிடும் சனியில் இந்தப் பிதுக்கம் பத்து சதவீதம். தொலைநோக்கியில் பார்த்தாலே சப்பையாகத் தெரியும்.

நடுக்கோட்டில் நிற்பவர் மையத்திலிருந்து தள்ளி இருக்கிறார், சுழற்சியும் அவரைக் கொஞ்சம் வெளியே தள்ளுகிறது. அங்கே ஜி 9.78, துருவத்தில் 9.83. உங்கள் ஊசலைத் துருவத்திலிருந்து நடுக்கோட்டுக்குக் கொண்டுபோனால் 20 ஊசலாட்டத்தில் வரும் வித்தியாசம் 0.1 நொடி. ஸ்டாப்வாட்சை அழுத்தும் விரலே அதை விட அதிகம் தடுமாறும்.

ஆனால் நாள் முழுக்க ஆடும் ஊசலில் அது நான்கு நிமிடத்தை நெருங்கிவிடும். 1672இல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலர் பாரிஸிலிருந்து தென் அமெரிக்காவில் நடுக்கோட்டை ஒட்டிய கயேனுக்குப் போனார். பாரிஸில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம் அங்கே நாளுக்கு இரண்டரை நிமிடம் பிந்தியது. ஊசலின் நீளத்தைச் சில மில்லிமீட்டர் குறைத்த பிறகுதான் நேரம் சரியானது. 1687இல் நியூட்டன் பூமி நடுவில் பிதுங்கியிருக்கிறது என்று வாதாடியபோது, கையில் வைத்திருந்த சான்றுகளில் ஒன்று அந்தச் சில மில்லிமீட்டர்.