கேம் கடைக்காரர்களே, கிராக் காப்பியை முதலில் அழியுங்கள்

நெல்லை வண்ணார்பேட்டை, பாளையங்கோட்டைப் பக்கம் ஸ்போர்ட்ஸ் கேம் விற்பவர்கள் கடை கம்ப்யூட்டரில் கிராக் காப்பி, அதாவது பூட்டை உடைத்து எடுத்த திருட்டுப் பிரதி, ஒன்றுகூட வைக்க வேண்டாம். பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தால் அன்றைக்குக் காசு வரும். ஆனால் ஃபுட்பால் கேமின் உயிரே ஆன்லைன் ஆட்டமும் சீசன் நடுவே வரும் அணி மாற்றங்களும்தான். கிராக்கில் பெரும்பாலும் இரண்டும் கிடைக்காது. வாங்கியவர் மறுநாளே வந்து நிற்பார். ஒரிஜினல் டிஸ்க்கோ அலமாரியிலேயே தூசி படியும்.

பதிப்புரிமைச் சட்டம் 63பி பிரிவு கடுமையானது: திருட்டு மென்பொருளைத் தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்தினாலே 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

பழைய பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4 கன்சோல்) கேம் டிஸ்க் வாங்கும்போது அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துக் கீறல் பாருங்கள். கன்சோலில் போட்டு ஒரு மேட்ச் தொடங்கிய பிறகே காசு கொடுங்கள். ஃபுட்பால் கேமின் புதுப் பதிப்பு வழக்கமாகச் செப்டம்பர் வாக்கில் வரும், வந்ததும் பழையதன் விலை சரியும். ஆகஸ்டுக்குள் கையிருப்பைத் தள்ளிவிடுங்கள்.