நுண்குழாயில் மை கலக்கலாம், இருபது வரி பைத்தானில்

200 மைக்ரோமீட்டர் அகலக் குழாயில் சிவப்பு மையும் நீல மையும் பக்கத்துப் பக்கத்தில் மெதுவாக ஓடினால், கோடு போட்ட மாதிரி தனித்தனியாகவே போகும். ரெனால்ட்ஸ் எண் (ஓட்டத்தின் உந்தலுக்கும் பிசுபிசுப்புக்கும் உள்ள விகிதம்) ஒன்றுக்கும் கீழே இருப்பதால் சுழல் எழும்பாது. அதைக் கலக்க வைக்க 2002இல் ஆய்வாளர் ஸ்ட்ரூக்கின் குழுவினர் குழாயின் தரையில் மீன்முள் வடிவத்தில் பள்ளம் வெட்டினார்கள். சென்னை மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டுப் பக்கத்து ஆட்களுக்கு இதற்குப் படமே வேண்டாம். அந்த முள் ஓட்டத்தை மாற்றி மாற்றி இழுத்து மடிக்கிறது. நமக்கு அந்த இழுப்பும் மடிப்பும் மட்டும் போதும். திரவ ஓட்டத்தின் நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடுகளைத் தொட வேண்டாம்.

பைத்தான், அதில் கணக்குப் போட நம்பை, படம் வரைய மேட்பிளாட்லிப் போதும். காசு கொடுத்து மேட்லாப் வாங்காதீர்கள்.

0 முதல் 1 வரையான சதுரத்தில் பத்தாயிரம் புள்ளிகளைத் தூவுங்கள். இடப்பாதி சிவப்பு, வலப்பாதி நீலம். அப்புறம் ஒவ்வொரு சுற்றிலும்:

எக்ஸ் = எக்ஸ் + ஏ × சைன்(2 × பை × ஒய்)
ஒய் = ஒய் + ஏ × சைன்(2 × பை × எக்ஸ்)

ஒவ்வொன்றுக்கும் பிறகு 1ஆல் வகுத்து மீதியை வைத்துக்கொள்ளுங்கள். ஏ என்பது தள்ளும் தூரம், 0.2இல் தொடங்குங்கள்.

நான் இடறியது இங்கேதான். இரண்டாவது வரியில் வர வேண்டியது புது எக்ஸ். நானோ 'நியாயமாக' இருக்கட்டும் என்று பழைய எக்ஸைப் பத்திரமாக எடுத்து வைத்துப் போட்டேன். சில இடம் வெறிச்சோடி, சில இடத்தில் புள்ளிகள் குவிந்தன. ஆஹா, ஈர்ப்பான் (புள்ளிகளைத் தன்பக்கம் இழுத்துச் சேர்க்கும் இடம்) கண்டுபிடித்துவிட்டேன் என்று நண்பனுக்கு வாட்ஸப்பில் படமும் அனுப்பியாயிற்று. தண்டையார்பேட்டை மாடியறையில் இரண்டு ராத்திரி போன பிறகுதான் உறைத்தது: தண்ணீரை அமுக்க முடியாது, பரப்பளவு மாறக் கூடாது. புது எக்ஸ் போட்டால் ஜகோபியன், அதாவது ஒரு சுற்றில் பரப்பளவு எத்தனை மடங்காகிறது என்ற எண், சரியாக 1. பழையது போட்டால் இடத்துக்கு இடம் மாறும். சந்தேகம் வந்தால் நிறத்தை மறந்துவிட்டு ஐம்பது சுற்று ஓட்டிப் பாருங்கள். தூவல் சீராகவே இருக்க வேண்டும்.

பின்சேர்க்கை: (0.5, 0) அருகே ஒரு துளி மை வைத்தால் அது நகரவே மாட்டேன் என்கிறது, மேலும் கீழும் பாதிப் பாதியாக வேறு தெரிகிறது என்று வாசகர் ஒருவர் எழுதினார். இரண்டும் பிழையில்லை. மீதியை மட்டும் வைத்துக்கொள்வதால் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் ஒன்றுதான். அந்த இடம் ஒரு தீவு, உள்ளே வைத்த மை வெளியே வராது. ஏ-யை 1/பை, அதாவது சுமார் 0.318க்கு மேல் ஏற்றுங்கள். அதன் நடுப்புள்ளி நிலைகுலையும். 0.4 வைத்துப் பாருங்கள்.