கார் கடல் பக்கம் கல்லில் இறங்கிவிட்டால்

வடசென்னையில் காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலை ஒட்டிப் போகும் சாலையில் மலைச்சாலைபோல் கொண்டை ஊசி வளைவும் இல்லை, பாதாளமும் இல்லை. கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கல்லும் கடலுக்குள் நீளும் கல்சுவர்களான தூண்டில் வளைவுகளும்தான் உண்டு. வண்டி அதில் உருண்டால் வரும் ஆபத்து மலைச்சாலை ஆபத்துக்குக் குறைந்ததல்ல. கீழே அலை, மேலே டிரெய்லர் லாரி. முதல் மோதலில் தப்பியவரை இந்த இரண்டில் ஒன்று பிடித்துவிடக் கூடாது என்பதற்குத்தான் கீழே உள்ள வரிசை.

எண்ணூரிலிருந்து ராயபுரம் நோக்கி வரும்போது கடல் உங்கள் இடது கைப்பக்கம். சறுக்கினால் இடது சக்கரங்கள்தான் முதலில் இறங்கும். வண்டி இடப்பக்கமாகச் சாயும், ஓட்டுநர் மேலே தொங்குவார், பக்கத்து சீட்டுக்காரர் அவருக்கு நேர் கீழே இருப்பார். பதறிப்போய் ஓட்டுநர் முதலில் பெல்ட்டைக் கழற்றினால் முழு எடையோடு கீழே இருப்பவர் மேல் விழுவார். மோதலில் தப்பிய எலும்பும் இந்த விழுதலில் முறியலாம். எனவே முதலில் இன்ஜினை அணையுங்கள், ஹேண்ட்பிரேக்கை இழுங்கள், நாலு இண்டிகேட்டரையும் போடுங்கள். கீழே இருப்பவர் பெல்ட்டைக் கழற்றிப் பின்சீட்டுக்கு நகரட்டும். அதன்பின் ஓட்டுநர் கால்களை நடுவில் கியர் பக்கம் ஊன்றி, ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பெல்ட்டை விடுவிக்க வேண்டும். உடல் எடை தொங்கினால் பெல்ட் பட்டன் இறுகிக்கொள்ளும். கால் ஊன்றி எடையைத் தூக்கினால்தான் விடும். தலைகீழாகக் கவிழ்ந்திருந்தால் ஒரு கையைக் கூரையில் ஊன்றி, தாடையை நெஞ்சோடு ஒட்டிவைத்துக் கழற்றுங்கள்.

மேல்பக்கக் கதவைத் திறந்து ஏறலாம் என்று தோன்றும். சாய்ந்த வண்டியில் அந்தக் கதவு கனமாகத் திரும்பி விழுந்து விரலை நசுக்கும், அதுவும் லாரி ஓடும் பக்கமாகவே திறக்கும். ஹேட்ச்பேக் என்றால் பின்சீட்டை மடக்கி டிக்கி வழியாக வருவதே நல்லது. முடியாவிட்டால் பக்கக் கண்ணாடியை உடையுங்கள். நடுவில் அடித்தால் சுத்தியல் எகிறும், கீழ் மூலையில் அடியுங்கள். முன்கண்ணாடி இரண்டு அடுக்கு, எளிதில் வழிவிடாது. சில புது வண்டிகளில் பக்கக் கண்ணாடியும் அப்படியே. மூலையில் அச்சிட்டிருப்பது டெம்பர்டா (அடித்தால் நொறுங்கும்) லேமினேட்டடா (எளிதில் வழிவிடாத இரண்டு அடுக்கு) என்று இன்றே பார்த்துவிடுங்கள். சீட்டின் தலையணைக் கம்பியால் உடைப்பதை நம்பி இருக்க வேண்டாம், நெருக்கடியில் அதைக் கழற்றவே நேரம் போய்விடும். சின்னச் சுத்தியலை டேஷ்போர்டு பெட்டியில் வைத்தால் மோதியபின் எங்கே கிடக்கும் என்றே தெரியாது. கைக்கெட்டும் தூரத்தில் ஒட்டி வையுங்கள்.

முன்பக்கம் மட்டும் விளிம்பில் தொங்கினால் யாரும் முதலில் குதிக்கக் கூடாது. இன்ஜின் எடை முன்னால் இருக்கிறது. பின்சீட்டுக்காரர் இறங்கினால் வண்டி மூக்கைக் குத்திக்கொண்டு போகும். முன்னால் இருப்பவர்கள் சீட்டைச் சாய்த்துப் பின்னால் தவழ்ந்து வரட்டும், பிறகு எல்லோரும் பின்கதவு வழியாக.

காட்டுப்பள்ளி, அத்திப்பட்டுப் பக்கம் பக்கிங்காம் கால்வாயிலோ கொசஸ்தலை ஆற்றிலோ விழுந்தால் கணக்கே வேறு. மிதப்பது பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள்தான். போனை எடுக்காதீர்கள். பெல்ட், கண்ணாடி, பிள்ளைகள், நீங்கள் என்ற வரிசையில் போங்கள். கதவைத் தள்ளினால் வெளித் தண்ணீரின் அழுத்தம் விடாது, திறந்தாலும் வண்டி உடனே மூழ்கும்.

வெளியே வந்தபின் கல் மேல் நிமிர்ந்து நடக்காதீர்கள். ஈரக் கல்லில் பாசி இருக்கும், கல் இடுக்கில் கால் போனால் கணுக்கால் முறியும். வெளுத்த, காய்ந்த கல்லாகப் பார்த்து நான்கு காலில் ஏறுங்கள். பெரிய அலைகள் கூட்டமாக வரும். அந்தக் கூட்டம் அடங்கியதும் நகருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இன்னும் கவனம். யாராவது கடலில் விழுந்திருந்தால் கூடவே குதிக்காதீர்கள். மூடிய காலி ஐந்து லிட்டர் கேனை வீசுங்கள், பக்கத்துக் குப்பத்தில் குரல் கொடுங்கள். கயிறும் பைபர் படகும் அவர்களிடம்தான் இருக்கிறது. கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093.

சாலைக்கு வந்ததும் வண்டி அருகில் நிற்கக் கூடாது. லோடு ஏற்றிய டிரெய்லர் நினைத்த இடத்தில் நிற்காது. ஒருவர் லாரிகள் வரும் திசையில் குறைந்தது 50 மீட்டர் தள்ளி, தார்ச்சாலையை விட்டு விலகி நின்று, டார்ச்சை ஆட்ட வேண்டும்.

108-க்கு அழைத்து ‘எண்ணூர் ரோடு’ என்று மட்டும் சொன்னால் ஆம்புலன்ஸ் தேடிக்கொண்டே வரும். குப்பத்தின் பெயர், பக்கத்துக் கோவில், விளக்குக் கம்பத்து எண், எந்தத் திசை நோக்கிப் போகும் பாதை, எத்தனை பேர், யாராவது உள்ளே மாட்டியிருக்கிறார்களா என்று சொல்லுங்கள்.

ரத்தம் பீறிட்டால் துப்பட்டாவோ லுங்கியோ மடித்துக் காயத்தின் மேல் உள்ளங்கையால் முழு எடையோடு அழுத்துங்கள், எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். கையிலோ காலிலோ அப்படியும் நிற்காவிட்டால் காயத்துக்கு இரண்டு மூன்று விரற்கடை மேலே, மூட்டில் இல்லாமல், அகலத் துணியைக் கட்டி ஒரு ஸ்பேனரைச் செருகி முறுக்குங்கள். கட்டிய நேரத்தை அவர் நெற்றியிலேயே எழுதுங்கள். மயங்கி, மூச்சு இருப்பவரைக் கழுத்து திரும்பாமல் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தண்ணீரோ சோடாவோ கொடுக்காதீர்கள், புரையேறும், ஆபரேஷனும் சிக்கலாகும். நெருப்போ அலையோ நெருங்கினால் ஒழிய கழுத்து வலிப்பவரை இழுக்காதீர்கள்.

எழுந்து நடப்பவரையும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். வயிற்றில் பெல்ட் பதிந்த நீலக்கோடு இருந்தால் உள்ளே ரத்தக்கசிவு இருக்கலாம், வலி பிறகுதான் தெரியும். ஸ்டான்லி மருத்துவமனையில் அந்தக் கோட்டைக் காட்டிச் சொல்லுங்கள். ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு நோயாளியிடம் பணம் கேட்கக் கூடாது. கொண்டுவந்து சேர்த்தவர் பெயர் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ பிரிவு அவரைக் காக்கிறது.

உப்புத் தண்ணீர் புகுந்த வண்டியை ‘ஓடுதா பார்ப்போம்’ என்று ஸ்டார்ட் செய்யாதீர்கள், இன்ஜின் போனால் இன்சூரன்ஸ் கைவிரிக்கலாம். மின்சாரக் கார் என்றால் கிரேன் வரும்வரை தள்ளியே நில்லுங்கள். உப்பு நீர் பட்ட பேட்டரி பல மணி நேரம் கழித்தும் தீப்பிடிக்கலாம்.