ஹெல்த் எகனாமிக்ஸ் ஆய்வுல தவிர்க்க வேண்டிய தவறுகள்: நான் பண்ணி வாங்கிக் கட்டிக்கிட்டது

போன மாசம் புதுசா சேர்ந்த ஒரு தம்பி, ஒரு மருத்துவத் திட்டத்தால செலவு குறைஞ்சுதான்னு பாக்கற ஆய்வோட டிராஃப்ட் அனுப்பியிருந்தார். ரெண்டாவது பக்கத்துல ஒரு கிராஃப், நடுவுல புள்ளிக்கோடு, திட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மலை மாதிரி செலவு, அதுக்கப்புறம் ஒரே சறுக்கு. பாத்ததும் வயித்தைக் கலக்கிடுச்சு, ஏன்னா இதே கிராஃபை எட்டு வருஷம் முன்னாடி நானும் போட்டு, கைதட்டும் வாங்கி, அப்புறம் தலையைக் குனிஞ்சுகிட்டு நின்னிருக்கேன். விலைவாசி ஏத்தத்தை கழிக்கணும், விட்டுப்போன டேட்டாவை கவனிக்கணும், இதெல்லாம் எல்லா கிளாஸ்லயும் சொல்லித் தந்துடறாங்க, அதை விட்டுடறேன்.

உச்சத்துல இருக்கறவங்களை பொறுக்கி, இறங்கினதும் "நாமதான் இறக்கினோம்"னு சொல்றது

ஒரு வருஷத்துல அடிக்கடி அட்மிட் ஆனவங்களை லிஸ்ட் எடுத்து, ஒரு நர்ஸ் ஃபோன் பண்ணி மருந்து, செக்கப் எல்லாம் ஃபாலோ பண்ணுவாங்க, அதுதான் திட்டம். அடுத்த வருஷம் அட்மிஷன் கிட்டத்தட்ட பாதி. நான் முன்னாடி இருந்ததுல இருந்து பின்னாடி இருந்ததை கழிச்சேன், ஆளுக்கு இவ்ளோ மிச்சம்னு ஸ்லைடு போட்டேன், அதை நம்பி திட்டத்தை பெருசாக்க பணமும் ஒதுக்கிட்டாங்க. அப்புறம் ஒருநாள் வேற எதையோ தேடிக்கிட்டு ஷீட்டை வரி வரியா பாக்கறேன், ஒருத்தர் இடுப்பெலும்பு உடைஞ்சு அந்த வருஷம் நாலு தடவை அட்மிட், அடுத்த வருஷம் சைபர். பக்கத்து கட்டத்துல நர்ஸ் எழுதி வச்சிருக்காங்க: "தப்பான நம்பர்". அவர்கிட்ட நாங்க ஒரு வார்த்தைகூட பேசல! ஃபோனே எடுக்காதவங்களை மட்டும் பிரிச்சுப் பாத்தேன், அவங்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு குறைஞ்சிருக்கு.

விஷயம் ரொம்ப சிம்பிள். உடம்புச் செலவு ஏறும் இறங்கும், ஒருத்தரோட மோசமான வருஷத்தை வச்சு அவரை பொறுக்கினா அடுத்த வருஷம் சும்மா இருந்தாலே சராசரி பக்கம் வந்துடுவார். ரிக்ரஷன் டு த மீன்னு எல்லாரும் படிச்சதுதான். காக்கா உக்கார பனம்பழம் விழுந்த கதைன்னு சொல்வோம்ல, இதுல பழம் விழற நேரம் பாத்துதான் காக்காவையே கூட்டிட்டு வந்து உக்கார வைக்கறோம்.

அமெரிக்காவுல நியூ ஜெர்சி கேம்டன்ல "ஹாட்ஸ்பாட்டிங்"னு, அடிக்கடி அட்மிட் ஆகறவங்களை தேடிப் பிடிச்சு தனியா கவனிக்கற, ஊரே கொண்டாடின திட்டம் இதே ரகம்தான். 800 பேரை குலுக்கல் முறையில ரெண்டா பிரிச்சு சோதிச்சாங்க, 2020ல முடிவு வந்துச்சு: 180 நாளுக்குள்ள திரும்ப அட்மிட் ஆனவங்க திட்டத்துல இருந்தவங்கள்ல 62.3%, இல்லாதவங்கள்ல 61.7%. வெறும் முன்-பின் மட்டும் பாத்திருந்தா 38 சதவீதப் புள்ளி குறைஞ்ச மாதிரி தெரிஞ்சிருக்கும், அதை அவங்களே எழுதியிருக்காங்க.

குலுக்கல் முடியலன்னா, அதே கட்-ஆஃப், அதே மாசம் வச்சு பொறுக்கின இன்னொரு குரூப்பாவது வேணும். பழைய செலவை வச்சு மேட்ச் பண்ணிட்டா சரியாயிடும்னு நினைக்காதீங்க, பொதுவா செலவு கம்மியான கூட்டத்துல இருந்து அந்த வருஷம் மட்டும் எகிறினவங்களை ஒப்பிடற குரூப்புக்கு இழுத்துட்டு வந்தா அவங்க இன்னும் வேகமா இறங்குவாங்க, அப்ப நல்ல திட்டம்கூட தோத்த மாதிரி தெரியும்.

சைபரை தூக்கிப்போடறது

வருஷம் பூரா ஆஸ்பத்திரி பக்கமே போகாதவங்க எக்கச்சக்கம். சைபருக்கு லாக் (மடக்கை) எடுக்க முடியலன்னு அவங்களை டிராப் பண்ணிட்டா மிச்சம் இருக்கறது செலவு பண்ணவங்க மட்டும்தான். டூ-பார்ட் மாடல் போடுங்க: செலவு ஆச்சா இல்லையான்னு ஒண்ணு, ஆனவங்களுக்கு எவ்ளோன்னு இன்னொண்ணு. லாக்ல இருந்து பணத்துக்குத் திரும்பும்போது வெறும் எக்ஸ்பொனென்ட் (லாக்கோட தலைகீழ்) எடுத்தாலும் சராசரி கம்மியா வரும், 1983லயே டுவான்ங்கற புள்ளியியலாளர் இதுக்கு ஸ்மியரிங்னு ஒரு வழி சொல்லிட்டார்.

பில் தொகையை செலவுன்னு எழுதறது

பில்லுல போட்டது, இன்ஷூரன்ஸ் கட்டினது, சிகிச்சைக்கு நிஜமா ஆனது, மூணும் மூணு நம்பர்.

இன்ஷூரன்ஸ் இருக்கறவங்களையும் இல்லாதவங்களையும் நேரா ஒப்பிடறது

வேணாம், ரெண்டும் ஆரம்பத்துலயே வேற வேற கூட்டம்.

"சிக்னிஃபிகன்ட் இல்ல"ங்கறதை "பலன் இல்ல"ன்னு படிக்கறது

அமெரிக்காவோட ஓரிகன் மாநிலத்துல 2008ல மெடிகெய்டுக்கு, அதாவது வருமானம் கம்மியானவங்களுக்கான அரசு இன்ஷூரன்ஸுக்கு, யாருக்குக் கிடைக்கும்னு லாட்டரி போட்டாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், சுகர்ல புள்ளியியல்படி சொல்லிக்கற மாதிரி மாற்றம் இல்ல, உடனே இன்ஷூரன்ஸே வேஸ்ட்னு ஒரு கூட்டம் கிளம்பிடுச்சு. மனச்சோர்வு இருந்தவங்க பங்கு 9 சதவீதப் புள்ளிக்கு மேல குறைஞ்சதும், பெரிய மருத்துவச் செலவுல மாட்டறது கிட்டத்தட்ட இல்லாமப் போனதும் அவங்க கண்ணுலயே படல. சுகர் இருந்தவங்க கொஞ்சம் பேர்தான், அதனால நம்பிக்கை இடைவெளி (நிஜ பலன் எங்கெங்க இருக்கலாம்ங்கற வரம்பு) அகலமா இருந்துச்சு, அதுக்குள்ள நல்ல பலனும் அடங்கும்.

தம்பிக்கு ஒரே ஒரு கேள்விதான் எழுதி அனுப்பினேன், ஃபோன் எடுக்காதவங்க லிஸ்ட் இருக்கான்னு. இருக்காம், தனி ஃபைல்ல. இன்னும் திறந்து பாக்கலையாம்.